குரோம்பேட்டையின் உலோகமும் மண்ணின் உயிரும்

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தை அடுத்துள்ள குரோம்பேட்டையை நீங்கள் அறிவீர்கள். உலோகத்தின் பெயரைத் தாங்கிய ஊர் அது. ஆனால் அங்கே குரோமியச் சுரங்கம் ஏதுமில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு எழுந்த குரோம் லெதர் கம்பெனி தந்த பெயர் அது.

தோல் பதனிடுதல் என்பது என்ன? பச்சைத் தோலைப் பாக்டீரியாக்கள் அழுகச் செய்யாதபடி காப்பதுதான். நம் முன்னோர் ஆவாரம் பட்டையை நம்பினர். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1903-ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் கண்காணிப்பாளர் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய உப்பைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். கவலை இறைக்கும் தோல் நீரில் நனைந்தும் நீண்ட நாள் உழைக்கவேண்டும் என்பது அவர் நோக்கங்களுள் ஒன்று. வயலுக்கு நீர் இறைக்கப் பிறந்த தொழில்நுட்பம் எனலாம்!

ஆனால் தொட்டியில் இட்ட குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. மிச்சம் கழிவுநீரோடு வெளியேறுகிறது. 1948-இல் அடையாற்றில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதை மீட்டெடுக்கும் வழிகளை உருவாக்கியது. மீட்காமல் விட்டது மண்ணைச் சேர்ந்தது.

சேர்ந்தால் என்ன? பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது மண்ணில் எளிதில் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். உயிரணுவுக்குள்ளும் எளிதில் நுழையாது. ஆகவே பெருந்தீங்கில்லை என்று கருதினர்.

1979-இல் பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற அமெரிக்க மண்ணியலார் இந்த நம்பிக்கையை அசைத்தனர். மண்ணில் இயல்பாகவே உள்ள மாங்கனீசு ஆக்சைடுத் துகள்கள் மூவிணைதிறக் குரோமியத்தை நச்சுமிக்க அறுவிணைதிறக் குரோமியமாக மாற்றுவதைக் கண்டனர். முன்னோர் கண்ணில் இது படாததேன்? ஆய்வுக்கூட வழக்கப்படி உலர்த்தி வைத்த மண்ணில் இம்மாற்றம் சரிவர நிகழவில்லை. வயலிலிருந்து ஈரத்தோடு எடுத்த மண்ணில் நிகழ்ந்தது!

அறுவிணைதிறக் குரோமியம் குரோமேட்டாக, கந்தகத்தைத் தரும் சல்பேட்டைப் போன்ற வடிவில் இருக்கிறது. பாக்டீரியா ஏமாந்து அதனை உள்ளே அனுமதிக்கிறது. உள்ளே அது மரபுப்பொருளைச் சிதைக்கிறது. உளுந்து, நிலக்கடலை வேர்முடிச்சுகளில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் ரைசோபியமும் இதற்கு விலக்கல்ல.

உலோகங்கள் மண்ணின் பாக்டீரியாக்களை எவ்வளவு காலம் வாட்டும்? இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை துத்தநாகம், செம்பு, காட்மியம் கலந்த கழிவுநீர்க் கசடை எருவாக இட்டனர். நிறுத்தி 20 ஆண்டுகளுக்குப் பின்னரும் அங்குள்ள குளோவர்ச் செடிகளின் முடிச்சுகளில் எஞ்சிய ரைசோபியத்தால் தழைச்சத்தை நிலைநிறுத்த முடியவில்லை. நம் இராணிப்பேட்டையிலோ, 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்தவெளியில் குவித்துச் சென்றது.

இத்தகைய மண்ணிலும் பிழைத்து, அறுவிணைதிறக் குரோமியத்தை மீண்டும் மூவிணைதிறமாக்கும் பாக்டீரியாக்கள் சில உண்டு. அவற்றைக் கொண்டு மண்ணைத் தூய்மை செய்ய முயல்கின்றனர். ஆனால் மாங்கனீசு ஆக்சைடும் அதே மண்ணில்தானே இருக்கிறது? பாக்டீரியா மாற்றியதை அது திருப்பி மாற்றாமல் காப்பது எப்படி என்பதே ஆய்வாளர் முன்னுள்ள கேள்வி.