மர்ரே ஆறும் அதன் தைலமரங்களும்

நிலத்தடி நீரை உறிஞ்சும் மரம் என்றே தைலமரத்தை நாம் அறிவோம். தமிழகச் சமவெளிகளில் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படும் தைலமர இனங்களுள் ஒன்று, தன் தாயகமான ஆஸ்திரேலியாவில் நீரின்றிக் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போனது. அந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

'ரிவர் ரெட் கம்' என்பது அங்கே அதன் வழக்குப்பெயர். யூகலிப்டஸ் கமால்டுலென்சிஸ் என்னும் அறிவியற்பெயரோ, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரருகே கமால்தொலித் தோட்டத்தில் வளர்ந்த மரத்தைக் கொண்டு 1832ஆம் ஆண்டில் இடப்பட்டது. பெயர் எங்கு பிறந்திருப்பினும், ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் ஓடும் மர்ரே ஆற்றின் வெள்ளச் சமவெளியே அதன் பெருங்காடுகளுக்கு இருப்பிடம்.

அவ்வாற்றின் கீழ்ப்பகுதி மழை குறைந்த வறண்ட நிலம். அங்கே மரங்களை வாழ்விப்பது தொலைவிலுள்ள மலைகளின் மழையும் உருகிய பனியும் கொணரும் வெள்ளமே. குளிர்கால இறுதியிலும் வசந்தத்திலும் கரைபுரளும் அவ்வெள்ளம் மண்ணை நனைக்கும். வேரடியில் தேங்கிய உப்பைக் கழுவி ஆழத்திற்குத் தள்ளும். அது வடிந்த சேற்றில் விதைகள் முளைக்கும். ஆற்றோரத்து ரெட் கம்முக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் வெள்ளம் வேண்டும். மேட்டில் நிற்கும் 'பிளாக் பாக்ஸ்' மரம் அதனினும் நெடுநாள் பொறுக்கும்.

1936இல் ஹியூம் அணை முற்றுப்பெற்றது. வசந்த வெள்ளம் அணைக்குள் தேங்கியது. பாசனத்திற்காகக் கோடையில் திறந்துவிடப்பட்டது. ஆற்றின் பருவமே தலைகீழாயிற்று. 1939இல் யாரவோங்கா தடுப்பணையால் உருவான முல்வாலா ஏரியிலோ மரங்கள் ஓயாத நீரில் நின்று மூச்சடைத்து மடிந்தன. அவற்றின் வெற்று அடிமரங்கள் இன்றும் நீர்மேல் நிற்பதைக் காணலாம். ஆக, ஒரே ஆற்றில் ஒரே மரம் நீரின்மையாலும் மாண்டது, நீங்காத நீராலும் மாண்டது. நனைதலும் உலர்தலும் மாறிமாறி வருவதே அதற்கு வாழ்வு.

கீழ்ப்பகுதியில் 1922 முதல் எழுந்த தடுப்பணைகள் ஆற்று மட்டத்தை உயர்த்த, அதனுடன் உவர் நிலத்தடி நீரும் வேர்களை நோக்கி மேலேறியது. உப்பைக் கழுவும் வெள்ளமோ அருகிவிட்டது. இந்நிலையில்தான் 1990களின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை நீடித்த பெரும் வறட்சி வந்தது. கீழ் மர்ரேயின் மரங்களுள் பெரும்பகுதி இலையுதிர்த்து வாடிற்று. 2004 முதல் சொவில்லா சமவெளியின் ஓடைகளில் தற்காலிகக் கரையெழுப்பி நீர் இறைத்தனர். உயிர் எஞ்சிய மரங்கள் அடிமரத்திலிருந்தே துளிர்த்தன. எல்லை கடந்தவை துளிர்க்கவில்லை.

பாசனத்திற்கு எடுக்கும் நீருக்கு 1995இலேயே வரம்பு விதிக்கப்பட்டது. 2012இன் வடிநிலத் திட்டம் ஆண்டுக்கு 2,75,000 கோடி லிட்டர் நீரை ஆற்றுக்கே மீட்டளிக்க முனைந்தது. அத்திட்டத்தின் முன்வரைவு 2010இல் வெளியானபோது, கிரிஃபித் நகரில் உழவர்கள் அதன் படிகளைத் தீயிட்டனர். அவர்கள் சினத்தையும் நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அரசுகளே அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, வாருங்கள் என்றழைத்த குடிகளல்லரோ அவர்கள்!

2022இன் இறுதியில் கீழ் மர்ரேயில் 1956க்குப் பின் காணாத பெருவெள்ளம் வந்தது. நெடுநாள் நீர் காணாத மேட்டு நிலங்களும் அன்று நனைந்தன. ஆனால் அத்தகைய வெள்ளத்தை எவரும் கட்டளையிட்டு வரவழைக்க இயலாது. இரு வெள்ளங்களுக்கு இடைப்பட்ட நீண்ட ஆண்டுகளில், அணையிலிருந்து எவ்வளவு நீர், எந்தப் பருவத்தில் திறக்கப்படுகிறது என்பதிலேயே அம்மரங்களின் உயிர் இருக்கிறது.