தோட்டத்துத் தோளும் பளுதூக்கும் தண்டும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் வலிமைப் பயிற்சி குறித்து ஒரு வரலாற்று நோக்கு

மலேசியத் தமிழரின் உடல், வரலாற்று நூல்களில் பெரிதும் உழைப்பாளியின் உடலாகவே இடம்பெற்று வந்துள்ளது. மரம் சீவிய கை, தண்டவாளம் சுமந்த தோள், துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய முதுகு ஆகியன பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அவ்வுடல் தன் வலிமையைத் தானே விரும்பி வளர்த்துக்கொண்ட முறைகளோ குறைந்த கவனமே பெற்றுள்ளன. அம்முறைகளில் எவ்வெப் பயிற்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன, எவை விடுபட்டன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வலிமை என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன சாகசங்களே. 2003 அக்டோபர் 18இல் கோலாலம்பூர் பழைய இரயில் நிலையத்தில் வேலு இராதாகிருஷ்ணன் 260.8 டன் எடையுள்ள இரு இரயில்களைப் பல்லால் கவ்வி 4.2 மீட்டர் இழுத்தார். 2007 ஆகஸ்ட் 30இல் 297.1 டன் எடையை நகர்த்தினார். சமதளத் தண்டவாளத்தில் உருளும் எஃகுச் சக்கரம் தரும் தடை, அதன் எடையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவே. ஆகவே அவர் வென்ற விசையைச் சில நூறு கிலோ எனக் கணிக்கலாம். இதனால் அவர் பெருமை குறைவதில்லை. அவ்விசை முழுவதையும் தாடையும் கழுத்தும் தாங்கின. எனினும் பல் கவ்வியதேயன்றித் தள்ளியவை கால்கள் என்பது நோக்கத்தக்கது.

இத்தகைய செயலுக்குத் தமிழ் மண்ணில் பழைய முன்மாதிரி இளவட்டக்கல். தென் தமிழக ஊர்களில் இளைஞர் தம் வலிமையை மெய்ப்பிக்கத் தூக்கிய உருண்டைக் கல் அது. கற்களுள் நூறு கிலோவைத் தாண்டியவையும் உண்டு. தூக்குபவர் குந்தி அமர்ந்து, கல்லை அணைத்துத் தொடை மேல் ஏற்றி, அங்கிருந்து மார்புக்கும் பின்னர்த் தோளுக்கும் கொண்டு சென்று பின்புறம் எறிவார். சுமை உடலை விட்டு விலகாதிருப்பதே இதன் நுட்பம். இன்றைய பயிற்றுநர் பளுதூக்கும் தண்டைக் காலோடு ஒட்டி எழுப்புமாறு கூறுவதும் இதே காரணம் பற்றியே. ஆயினும் இளவட்டக்கல் ஒரு சோதனை; அன்றாடப் பயிற்சி அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் பேசுவது நம் எழுத்துகளில் மிகுதி.

அன்றாடப் பயிற்சியாக விளங்கியவை தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகிய மூன்று. தண்டால் மார்பையும் கையின் பின்புறத் தசையையும் வளர்ப்பது. பஸ்கி தொடையை வளர்ப்பது. கர்லா தோளையும் மணிக்கட்டையும் இடுப்பின் திருப்பத்தையும் பழக்குவது. தேர்வு சிக்கனமானது, கருவியும் மிகக் குறைவு. ஆனால் இம்மூன்றிலும் இரண்டு அசைவுகள் இல்லை: தரையிலிருந்து எடை தூக்குதல் ஒன்று, தன்னை நோக்கி இழுத்தல் மற்றொன்று. மற்போர் வீரன் இவற்றைப் போரிலும் மல்லர்கம்பத்திலும் பெற்றான். ஏனையோர் எங்குப் பெற்றனர்? கிணற்று நீர் இறைத்தலிலும் மூட்டை தூக்கலிலும் பெற்றனர் என்பதே என் துணிபு. அதாவது, மரபுவழிப் பயிற்சித் தேர்வு உழைக்கும் உடலை முன்னிறுத்தியே அமைந்தது. உழைப்பு தராததை மட்டுமே அது தந்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவ்வடிப்படை நெடுநாள் நிலைத்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பின்னர்த் தோள்கம்பின் இருபுறமும் பால் வாளி தொங்க நடந்த தோட்டத் தொழிலாளிக்கும், 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்காம் துறைமுகத்தில் சுமை இறக்கியவருக்கும், பிரிக்பீல்ட்ஸ் இரயில் பட்டறையில் இரும்பு புரட்டியவருக்கும் தூக்கும் பயிற்சி தனியே தேவைப்படவில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. இரயில்வே நிலத்தில் 2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் எழுந்தது. உழைப்பு மறைய, அது நிரப்பி வந்த இடம் வெற்றிடமாயிற்று.

இவ்வெற்றிடத்தை நிரப்பும் கருவி முன்னரே வந்திருந்தது. சென்னையில் 1920இல் எச். சி. பக் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பெங்களூரில் கே. வி. ஐயர் தண்டாலையும் யோகாசனத்தையும் பளுதூக்கும் தண்டையும் ஒரே முறையில் இணைத்து, அஞ்சல் வழியாகவும் கற்பித்தார். மலாயாவிலும் அத்தண்டு புதிதன்று; 1950 ஆக்லாந்து விளையாட்டுகளில் தோ ஃபூக் ஹுங், கோ எங் தோங் ஆகியோர் பளுதூக்கலில் தங்கம் வென்றனர். தண்டின் சிறப்பு எடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட இயல்வதே. அமெரிக்கப் படை மருத்துவர் தாமஸ் டிலோர்ம் 1945இல் வெளியிட்ட ஆய்வு, காயமுற்ற வீரரின் தசையை மீட்க இப்படிநிலை ஏற்றத்தைப் பயன்படுத்தியது. பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, முதலில் அதில் பாதி, அடுத்து முக்கால், இறுதியில் முழு எடை எனப் பத்துப் பத்து முறை தூக்கும் முறை அவர் பெயரால் அறியப்படுகிறது. தண்டாலில் கூடுவது பெரும்பாலும் எண்ணிக்கையே. நூறு எடுத்தவர் இருநூறு எடுப்பார், சுமையோ அவர் உடலெடையாகவே நிற்கும்.

இது வெறும் தோற்றப் பொலிவு பற்றிய செய்தி அன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இந்தியருள் 31.4 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோராகக் காணப்பட்டனர். நாட்டின் சராசரி 18.3. உணவுக்குப் பின் கூடும் இரத்தச் சர்க்கரையை ஏற்கும் உறுப்புகளுள் தசை முதன்மையானது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வாரம் இரு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியைப் பரிந்துரைத்தது. கண்ணாடியில் தெரியும் மார்பையும் புயத்தையும் மட்டும் வளர்க்கும் இளைஞரும், மரபே போதும் எனத் தண்டாலோடு நிற்பவரும் ஒரே இடத்தில் தவறுகின்றனர். முதுகும் இடுப்பும் இருவருக்கும் விடுபடுகின்றன. பஸ்கியோடு தரையிலிருந்து தூக்குதலையும், தண்டாலோடு இழுத்தலையும் இணைத்து, கையில் எடை சுமந்து சிறிது தொலைவு நடப்பதையும் சேர்த்தால், தோட்டத்துத் தோள் அறிந்திருந்தவை அனைத்தும் வந்துவிடும்.

பெண்கள் நிலை வேறு. மரம் சீவியவருள் பெண்கள் பெருந்தொகையினர். பால் வாளியை அவர்களும் சுமந்தனர். ஆனால் தேகப்பயிற்சிச் சாலை ஆடவர்க்கு உரியதாகவே இருந்தது. பெண்ணின் வலிமை உரலிலும் அம்மியிலும் தோட்டத்திலும் மட்டுமே வளர்ந்தது. அவை விடுபட்டபோது, ஆடவருக்கு எஞ்சிய தண்டாலும் பஸ்கியும்கூட அவர்களுக்கு எஞ்சவில்லை.