புல்வெளி பாலையான கதை

ஐக்கிய அமெரிக்காவின் நடுநிலப் பகுதியை எமது பள்ளிக்கூடப் புவியியற் பாடங்கள் பெரும்பாலும் ஒரே தொடரில் முடித்துவிடுகின்றன. 'உலகின் கோதுமைக் களஞ்சியம்' என்று நாம் சொல்லிக் கொடுக்கின்றோம்; மாணவரும் வரைபடத்தில் ஒரு நிறத்தைத் தீட்டிவிட்டு அடுத்த கண்டத்திற்குச் சென்றுவிடுகின்றனர். அக்களஞ்சியத்தை நிரப்பிய மக்கள் யாவர், இன்று அவர்கள் எங்கே என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை.

வட டக்கோட்டாவிலிருந்து ரெக்சாஸின் வடபகுதி வரை நீண்டு கிடக்கின்றது அப்பெருஞ் சமவெளி. அதிலே கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜூவெல் என்னும் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். கவுண்டி என்பது அந்நாட்டுச் சிறு நிருவாகப் பிரிவாகும். 1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது அங்கு 19,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 2020இல் எஞ்சியிருந்தோர் 3,000 பேருக்கும் குறைவு. போரோ கொள்ளை நோயோ அம்மக்களைத் துடைத்துவிடவில்லை. நிலமும் விளைச்சலைக் கைவிடவில்லை. முன்னிலும் கூடுதலாகவே விளைந்தது. விளைச்சல் பெருகப் பெருக விளைவித்தவர் குறைந்தனர். இது எவ்வாறு நிகழ்ந்தது?

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்திலே நாம் கற்றிருக்கின்றோம். அங்கே கொடிய வெயிலே காரணமாகின்றது. அமெரிக்கப் புல்வெளி வெறுமையானதற்கும் வெயிலையும் வறட்சியையும் காரணங் காட்டுவோர் பலர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அப்புல்வெளி இரு முறை மனிதரை இழந்தது. இரு முறையும் நிலம் யாருடைய உடைமை, அதன் விளைவு யாருக்குச் சேர்வது என்பதே விடயத்தை முடிவு செய்தது.

முதலாவது வெளியேற்றத்தைப் பார்ப்போம். எமது பழைய நூல்கள் 'செவ்விந்தியர்' என்று குறிப்பிட்ட பூர்வீகக் குடிகளான லக்கோட்டா, செயென், கொமாஞ்சே முதலிய மக்கள் காட்டெருமைக் கூட்டங்களைச் சார்ந்து அங்கு வாழ்ந்தனர். கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் தோலுக்காகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. அத்தோல் கிழக்கத்தியத் தொழிற்சாலைகளில் இயந்திரப் பட்டிகளாயிற்று. 1889இல் வில்லியம் ஹோர்னடே என்னும் விலங்கியலாளர் கணக்கெடுத்தபோது வட அமெரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ ஆயிரம் விலங்குகளே எஞ்சியிருந்தன. உணவை இழந்த மக்களை ஒதுக்கிடங்களுள் அடைப்பது எளிதாயிற்று. 1868ஆம் ஆண்டு லறமிக் கோட்டை உடன்படிக்கையால் லக்கோட்டா மக்களுக்கு உறுதி செய்யப்பட்ட கருங்குன்றுப் பகுதியில் 1874இல் பொன் காணப்பட்டது; 1877இல் அப்பகுதி பறிக்கப்பட்டது. அப்பறிப்புக்கு நட்ட ஈடு வழங்க வேண்டுமென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. பணம் வேண்டாம், நிலமே வேண்டும் என்று அம்மக்கள் அதனை ஏற்க மறுத்துவிட்டனர்.

1887ஆம் ஆண்டின் டோஸ் சட்டம் இன்னும் நுட்பமான கருவியாகும். குலத்தின் பொதுநிலத்தைத் தனியார் துண்டுகளாகப் பிரித்து, 'மிகுதி'யை விற்பனைக்கு விட்டது அச்சட்டம். அவ்வாண்டிற் பூர்வீகக் குடிகள் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 13 கோடி 80 இலட்சம் ஏக்கர். 1934இல் அது 4 கோடி 80 இலட்சமாகச் சுருங்கிவிட்டது. துப்பாக்கி செய்து முடிக்காததைக் காணி உறுதி செய்து முடித்தது.

இவ்வாறு வெறுமையாக்கப்பட்ட நிலத்திற்றான் புதிய குடிகள் வந்தேறினர். 1862 மே மாதம் 20ஆந் திகதி லிங்கன் கையொப்பமிட்ட குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்துடன் வழங்கியது. நிலமற்ற ஏழைக்கு நிலம் என்பது உயர்ந்த இலட்சியமே. ஜேர்மனியிலும் சுவீடனிலும் ருசியாவிலும் நிலமின்றி வாடியோர் அதனை நம்பிக் கடல் கடந்தனர். அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் 1877இல் கன்சாஸில் நிக்கோடீமஸ் என்னும் ஊரை நிறுவினர். ஆனால் அதே 1862ஆம் ஆண்டிலேயே புகையிரதக் கம்பனிகளுக்கு நிலம் வழங்கும் சட்டமும் நிறைவேறிற்று. காலப்போக்கில் மத்திய அரசு கம்பனிகளுக்கு ஈந்த நிலம் ஏறத்தாழ 13 கோடி ஏக்கராகும். ஏழைக்கு 160 ஏக்கர் கிடைத்தது. அவனுடைய தானியத்தைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் ஒரே வழி கம்பனியின் கையிற் சிக்கியது. எந்த ஊர் வாழும், எந்த ஊர் மாளும் என்பதைத் தண்டவாளமே தீர்மானித்தது. 1888இல் இருப்புப்பாதை தன்னை விலக்கிச் சென்றதும் நிக்கோடீமஸ் தேயத் தொடங்கியது.

எச்சரித்தவர் இல்லாமலில்லை. ஜோன் வெஸ்லி பவல் என்னும் நிலவியலறிஞர் 1878இல் அரசுக்களித்த அறிக்கையில், மழை குன்றிய மேற்குப் பகுதிக்கு 160 ஏக்கர் அளவு பொருந்தாது, மேய்ச்சல் நிலத்திற் குடும்பமொன்றுக்கு 2,560 ஏக்கர் வேண்டும், நீரையும் மேய்ச்சலையும் மக்கள் கூட்டாக நிருவகித்தல் வேண்டும் என்று எழுதினார். நிலத் தரகரும் கம்பனிகளும் விரும்பிய செய்தி அதுவன்று. 'ஏர் செல்லுமிடத்து மழை தொடரும்' என்ற பொய்யே அவர்களுக்கு உகந்ததாயிருந்தது. அதனை நம்பி மேலும் மேலும் மேற்கே சென்றவர்கள், 1890களின் வறட்சியில் வண்டி கட்டித் திரும்பி வந்தார்கள்.

எஞ்சியிருந்தோரும் கடனில் மூழ்கினர். விதைக்கக் கடன், பொறி வாங்கக் கடன், நிலத்தை ஈடு வைத்துக் கடன். தானியத்தின் விலையைத் தீர்மானித்தவர் தொலைவிலிருந்த வணிகர். ஏற்றுக்கூலியைத் தீர்மானித்தது கம்பனி. வட்டியைத் தீர்மானித்தது வங்கி. உழவன் தீர்மானிக்கக் கூடியதாக எஞ்சியது தன் உழைப்பின் நீளம் ஒன்றே. விலை விழும்போது கடனைக் கட்ட அவன் கூடுதலாக விளைவித்தான். எல்லோரும் அவ்வாறே விளைவித்தமையால் விலை மேலும் விழுந்தது. இச்சுழலிற் கையிருப்பு உள்ளவன் நின்றான். இல்லாதவனின் நிலம் நின்றவனிடம் சேர்ந்தது. புல்வெளியின் சனத்தொகைக் கணக்கு முழுவதற்கும் திறவுகோல் இதுவே.

அம்மக்கள் இதனை உணராது வாளாவிருந்தனர் எனக் கருதுதல் தவறாகும். 1892இல் ஒமகா நகரிற் கூடிய மக்கள் கட்சி, புகையிரதப் பாதைகளை அரசுடைமையாக்க வேண்டுமெனக் கோரியது. 1915இல் வட டக்கோட்டாவில், கடனால் நொடித்துப்போன கமக்காரரும் சோஷலிச இயக்கத்தில் உழைத்தவருமான ஆதர் ரவுன்லி என்பவர் 'கட்சி சாராக் கழகம்' என்னும் அமைப்பைத் தொடக்கினார். சில ஆண்டுகளில் அது மாநில ஆட்சியைக் கைப்பற்றியது. 1919இல் மாநிலத்திற்குச் சொந்தமான வங்கியொன்றும், மாவாலையும் தானியக் களஞ்சியமும் நடத்துவதற்கான அமைப்பும் சட்டத்தால் நிறுவப்பட்டன. அவ்வங்கி ஒரு நூற்றாண்டைக் கடந்து இன்றும் மாநில உடைமையாகவே இயங்குகின்றது. முதலாளித்துவத்தின் கோட்டை எனப்படும் நாட்டின் நடுவே, கமக்காரர் கட்டியெழுப்பிய பொதுவுடைமை நிறுவனம் ஒன்று நிலைத்து நிற்கின்றதென்பது மனங்கொளத்தக்கது.

முதலாவது உலகப் போர்க் காலத்திற் கோதுமை புசல் ஒன்றுக்கு இரண்டு டொலருக்கு மேல் விலை போயிற்று. போர் முடிந்த பின்னரும் உழவுப் பொறிகள் ஓயவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக வேரோடி மண்ணைப் பிணைத்திருந்த புல், தெற்குச் சமவெளியில் இலட்சக்கணக்கான ஏக்கரிற் புரட்டப்பட்டது. 1932இல் விலை 40 சதத்திற்கும் கீழே வீழ்ந்தது. அதனையடுத்து வறட்சியும் வந்தது. பிணைப்பிழந்த மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆந் திகதி எழுந்த புழுதிப் புயல் பகலை இரவாக்கிற்று. அந்நாள் 'கறுப்பு ஞாயிறு' என இன்றும் பேசப்படுகின்றது. அப்பத்தாண்டிற் சமவெளி மாநிலங்களை விட்டு நீங்கியோர் ஏறத்தாழ 25 இலட்சம் என்பர். வறட்சி முன்னரும் வந்ததுண்டு. அப்பொழுது புல் இருந்தது. நிலத்தை மூலதனமாக மட்டுமே கண்ட பொருளாதார முறையின் விளைவே அப்புழுதி என்று டொனால்ட் வேர்ஸ்ரர் என்னும் வரலாற்றாசிரியர் 1979இல் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளார்.

பெயர்ந்தோர் எல்லோரும் புழுதியால் விரட்டப்பட்டவரல்லர். விளைநிலத்தைக் குறைப்பதற்காக 1933ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய உதவிப் பணம் பெரும்பாலும் நிலச்சொந்தக்காரரைச் சேர்ந்தது. ஒக்லஹோமா முதலிய மாநிலங்களிற் பலர் அப்பணத்தால் உழவுப் பொறி வாங்கிக் குத்தகைக்காரரை வெளியேற்றினர். மறுபுறத்தே மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தும் நின்றனர். ஏலத்திற்கு வந்த அயலானின் உடைமையைச் சில சதங்களுக்கே கேட்டு வாங்கி, அவனிடமே திருப்பிக் கொடுத்தனர். வெளியார் எவரும் கூடுதலாகக் கேட்கத் துணியவில்லை. இக்கிளர்ச்சிகளின் பயனாக 1933இல் பல மாநிலங்கள் ஈட்டுக் கடனுக்குத் தவணை நீடித்துச் சட்டமியற்றின.

இரண்டாவது உலகப் போரின் பின்னர், நிலத்தடி நீரை இறைத்துச் சுழன்று பாய்ச்சும் பொறிகளும் இரசாயன உரமும் விளைச்சலைப் பன்மடங்காக்கின. மிகைத் தானியம் 1954ஆம் ஆண்டின் 480ஆம் பொதுச் சட்டத்தின் வழியே வெளிநாடுகளுக்குச் சென்றது. எமது நாட்டுப் பாணிலும் அதன் மா கலந்திருந்தது. 1970களில் அரசே விரிவாக்கத்தை ஊக்குவித்தது. கமக்காரர் கடன்பட்டு நிலம் வாங்கினர். அப்பத்தாண்டின் முடிவில் வட்டி ஏற, 1980களில் நிலத்தின் விலை சரிந்தது. ஏலமணி மீண்டும் ஒலித்தது, தற்கொலைகளும் நிகழ்ந்தன. 1935இல் அந்நாட்டில் 68 இலட்சம் பண்ணைகள் இருந்தன. சராசரிப் பரப்பு 155 ஏக்கர். 2022இல் பண்ணைகள் 19 இலட்சம். சராசரி 463 ஏக்கர்.

கமக்காரன் போனபின் கடைகாரன் போனான், வைத்தியர் போனார், இறுதியிற் பள்ளிக்கூடம் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கன்சாஸில் 9,000க்கு மேற்பட்ட பள்ளி வட்டாரங்கள் இருந்தன. 1963ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை ஒன்றிணைத்தது. இன்று 300க்கும் குறைவு. ஓரறைப் பள்ளிகளின் குறைபாடுகளை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆசிரியராகிய நாம் ஒன்றை அறிவோம். கூட்டம் கூடுவதும் நாடகம் நடப்பதும் வாக்களிப்பு நிகழ்வதும் பள்ளிக்கூடத்திலேதான். அதன் கதவு மூடப்படும்போது ஊர் தன்னை ஊரென்று உணரும் இடமும் மூடப்படுகின்றது. பிள்ளைகள் படித்து முன்னேறினர்; முன்னேறியவர் ஊரைவிட்டுச் சென்றனர்.

எல்லாக் கவுண்டிகளும் தேய்ந்துவிடவில்லை. 1960களிலிருந்து இறைச்சித் தொழில் முதலாளிகள், தொழிற்சங்கம் வலுப்பெற்றிருந்த பெருநகரங்களை விட்டுச் சமவெளிச் சிறு நகரங்களை நாடினர். 1980இல் பெருந் தொழிற்சாலையொன்று அயலிலே திறக்கப்பட்ட கார்டன் சிற்றி என்னும் கன்சாஸ் நகர் அன்றிலிருந்து வளர்ந்தது. வியட்நாம் அகதிகளும் மெக்சிக்கோ மக்களும் பின்னர் சோமாலியரும் அங்கே கத்தி பிடித்தனர். அந்நகர் அமைந்த கவுண்டியில் இன்று ஏறத்தாழப் பாதிப் பேர் ஸ்பானிய மொழி வழியினர். 2016இல் அங்கு சோமாலியர் குடியிருந்த கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்க்கச் சதி செய்த மூவர் கைது செய்யப்பட்டனர். ஊரை வெறுமையாக்கியது மூலதனம். வெறுப்போ ஊரை நிரப்ப வந்த உழைப்பாளிமீது பாய்ந்தது.

'பொறி வந்தால் உழவர் குறைவது முன்னேற்றமல்லவா?' என்று ஒரு நண்பர் கேட்கலாம். முதுகு முறியும் உழைப்பிலிருந்து மனிதர் விடுபடுவதை நாம் வரவேற்கின்றோம். பொறி மிச்சப்படுத்திய நேரம் யாருக்குச் சேர்ந்தது என்பதே எமது கேள்வி. அது உழவனுக்கு ஓய்வாகவும் அவன் பிள்ளைக்குக் கல்வியாகவும் ஊருக்கு மருத்துவமனையாகவும் சேர்ந்திருப்பின் அதனை முன்னேற்றம் என்போம். அங்கே அது அயலானின் நிலத்தை வாங்கும் பலமாகவே பெரிதும் சேர்ந்தது.

1987இல் பிராங் பொப்பர், டெபோரா பொப்பர் என்னும் அறிஞர் இருவர், தேய்ந்துபோன பகுதிகளை மீண்டும் காட்டெருமை மேயும் பொதுநிலமாக்கலாம் என எழுதியபோது கமக்காரர் சினங்கொண்டனர். அச்சினம் இயல்பே. தம்மையும் எடுத்தெறியும் வேறொரு திட்டமாகவே அவர்களுக்கு அது தோன்றியது. ஆயினும் 1992 முதல் பூர்வீகக் குலங்கள் பல ஒன்றுசேர்ந்து தம் நிலத்திற் காட்டெருமையை மீண்டும் வளர்த்து வருகின்றன. வறுமை நீங்கவில்லையெனினும் டக்கோட்டா ஒதுக்கிடங்கள் இளையோர் நிறைந்தவை. அழிந்துவிடுவரென ஒரு நூற்றாண்டுக்கு முன் கணிக்கப்பட்டோர் அங்கேயே இருக்கின்றனர்.

அடுத்த முறை அவ்வரைபடத்தை வகுப்பில் விரிக்கும்போது கோதுமையின் தொன்கணக்கோடு நாம் நின்றுவிடலாகாது. ஜூவெல் கவுண்டியின் இரு எண்களையும் கரும்பலகையில் எழுதுவோம். இடையில் நடந்தது என்னவென்று மாணவரைக் கேட்போம். மழை பெய்யவில்லை என்று யாரேனும் விடை கூறினால், அங்கே பாடத்தைத் தொடங்கலாம்.