சேற்றுப்புழு முதல் கக்கா ஓடு வரை: கொச்சிக் காயலில் நைட்ரஜனின் ஊற்றுக்கண்ணைத் தேடிய வரலாறு

மட்டாஞ்சேரிப் படகுத்துறையின் முன்னால் ஓடும் நீரில் நான்கு பக்கத்து நைட்ரஜனும் கலந்திருக்கிறது. வடக்கே ஏலூரில், 1943இல் நிறுவப்பட்டு 1947இல் உற்பத்தியைத் தொடங்கிய ஃபாக்ட் உர ஆலை. கிழக்கே சித்திரப்புழையை ஒட்டி, அம்பலமேட்டில் அதன் இன்னொரு பிரிவு. தெற்கே குட்டநாட்டு வயல்களில் இடும் உரம். அருகிலேயே, கல்வத்தி ஓடையும் ராமேஸ்வரம் ஓடையும் சுமந்து வரும் வீட்டுக் கழிவு. நீரை மொண்டு சோதித்தால் அம்மோனியாவும் நைட்ரேட்டும் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அது யாருடைய நைட்ரஜன் என்பது தெரியாது. இந்தக் கேள்வியைக் காயலில் வாழும் உயிர்களிடமே கேட்கலாம் என்ற எண்ணம் மெல்லத்தான் உருவானது.

கொச்சியில் கடலாய்வு வேரூன்றியது 1960களில், சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின் காலத்தில். 1966இல் தேசியக் கடலியல் நிறுவனம் பிறந்தபின் அதன் மண்டல மையம் இங்கே இயங்கியது. 1969இல் சங்கரநாராயணனும் காசிமும் காயலின் ஊட்டச்சத்துகள் பற்றி வெளியிட்ட கட்டுரை இன்றும் தொடக்கப் புள்ளியாக நிற்கிறது. பருவமழையின் ஆற்றுவெள்ளமே காயலுக்கு ஊட்டம் கொண்டுவருகிறது என்பதை அந்தக் கட்டுரை காட்டியது. நைட்ரஜன் அப்போது காயலின் வளம். மாசாக யாரும் அதைப் பார்க்கவில்லை.

பார்வை மாறியது சேற்றைக் கிளறியபோது. 1980களில் ரெமணி, சரளாதேவி முதலியோர் காயலின் அடித்தளத்தை ஆராய்ந்தார்கள். ஆலைக் கழிவு சேரும் வடபகுதியிலும் தேங்காய் மட்டை ஊறப்போடும் இடங்களிலும் உயிரினங்களின் வகை குறைந்திருந்தது. இப்படிப்பட்ட சேற்றில் தாக்குப்பிடிப்பதற்குப் பெயர்போனது கேப்பிடெல்லா என்ற மெல்லிய செந்நிறப் புழு. மற்றவை மூச்சுத் திணறி மடியும் சேற்றில் இது பல்கிப் பெருகும். ஆனால் 1976இல் அமெரிக்காவின் கிராஸ்ல் தம்பதியர், ஒரே இனம் என்று கருதப்பட்ட இந்தப் புழு உருவத்தில் ஒன்றுபோலிருக்கும் பல இனங்களின் தொகுதி என்று கண்டறிந்திருந்தார்கள். கொச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாக்கடை, மட்டை ஊறல், கப்பல் தடத்துக்காக ஓயாமல் நடக்கும் தூர்வாரல் எதுவானாலும் சேற்றில் உயிர்வகை சுருங்கும். நோய் இருக்கிறது என்று புழு சொல்லும். யார் தந்தது என்று சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியது நைட்ரஜனின் எடை. காற்றிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய 273 அணுக்களுக்கு ஒன்று கனமானது, நைட்ரஜன்-15 என்னும் ஐசோடோப்பு. காற்றிலிருந்து செய்யப்படும் ரசாயன உரத்தில் இந்த விகிதம் காற்றை ஒட்டியே இருக்கும். சாக்கடையில் கதை வேறு. அம்மோனியா ஆவியாகும்போதும், நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைக்கும்போதும் இலேசான அணுக்களே முதலில் வெளியேறுகின்றன. மிஞ்சுவது கனத்தது. அதைத் தின்று வளரும் பாசியின் உடலிலும் அந்தக் கனம் பதிந்துவிடும். 2001இல் ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் காஸ்டான்சோ குழுவினர் கேடனெல்லா என்னும் சிவப்புப் பாசியைத் துளையிட்ட ஒளிபுகும் டப்பாக்களில் அடைத்து, நான்கு நாள் நீரில் தொங்கவிட்டு, சாக்கடைநீர் பரவும் எல்லையையே வரைபடமாக வரைந்தார்கள். பாலியில் பவளத்தின் எலும்புக்கூட்டிலிருந்து, பசுமைப் புரட்சி கொண்டுவந்த உரத்தின் தடயத்தை மேரியன் குழுவினர் 2005இல் படித்தெடுத்தார்கள்.

கொச்சிக் காயலின் சேற்றிலும் நைட்ரஜன்-15 அளக்கப்பட்டிருக்கிறது. 2010களில் பவ்யாவும் சக ஆய்வாளர்களும் நைட்ரஜன்-15 கலந்த உப்புகளைக் காயல் நீரில் சேர்த்துப் பார்த்தபோது, மிதவைப் பாசிகள் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே பெரிதும் விரும்பி எடுத்தன. உர ஆலையும் சாக்கடையும் ஒருங்கே தருவது இந்த அம்மோனியத்தைத்தான். எனவே மோர்ட்டன் முறையை இங்கே அப்படியே பெயர்த்து நட முடியாது என்பது என் கருத்து. அம்மோனியம் மிகுந்த நீரில் பாசி இலேசான அணுவைத் தேர்ந்தெடுக்கும்; அதன் உடலில் நைட்ரஜன்-15 அளவு கீழே சாயும். உரத்து அம்மோனியமும் வரும் வழியில் நுண்ணுயிர்களின் வாய்ப்பட்டால் கனத்துப்போய், சாக்கடையைப் போலத் தோன்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்நீர் கிட்டத்தட்ட நன்னீர், கடற்பாசி பிழைக்காது.

ஆகவே, இடம் பெயராமல் உவர்ப்பின் ஏற்ற இறக்கங்களைத் தாங்கும் உயிர் வேண்டும். வேம்பநாட்டுக் காயலின் கறுத்த கக்கா என்னும் சிப்பி அதற்குப் பொருத்தமானது. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை ஒரு நிகழ்வு காட்டும். 2024 மே மாதம் ஏலூர், வராப்புழைப் பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து, கூண்டுமீன் வளர்த்தவர்கள் போட்ட முதலை இழந்தபோது, அம்மோனியாவையும் ஹைட்ரஜன் சல்பைடையும் சுட்டியது கேரள மீன்வளப் பல்கலைக்கழகம். ஆக்சிஜன் குறைவே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒருநாள் விபத்தை ஐசோடோப்பு தீர்த்துவைக்காது. ஆனால் அந்த ஆற்றில் ஆண்டுக்கணக்காக எந்த நைட்ரஜன் ஓடியது என்பதைக் கக்காவின் சதை கடந்த மாதங்களுக்கும், ஓட்டிலுள்ள புரதம் அதன் வாழ்நாள் முழுவதற்கும் சொல்லும்.

ஓடு செத்தபின்னும் கிடக்கும். வேம்பநாட்டின் அடியில் பழைய கக்கா ஓடுகள் படிவங்களாக உள்ளன; கோட்டயத்து டிராவன்கூர் சிமெண்ட்ஸ் வெள்ளைச் சிமெண்டுக்காக நெடுங்காலம் தோண்டியது அவற்றைத்தான். மிஞ்சியவற்றில் புரதம் கெடாதவற்றைப் பொறுக்கி, கரிமக் காலக்கணிப்பு செய்து, ஏலூர் ஆலைக்கு முந்தைய ஓட்டையும் இன்று வராப்புழையில் வாரும் ஓட்டையும் ஒரே கருவியில் அளக்க வேண்டும். 1947க்கு முன் இந்தக் காயலின் இயல்பான நைட்ரஜன் எது என்பதை அறிய, அந்தப் படிவங்களைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியவில்லை.