நெடுந்தீவின் நீரும் நிலமும்



தீவு என்றவுடன் பசுந்தென்னையும் நீலக் கடலும் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பு. ஆனால், சுற்றிலும் நீர் சூழ வாழ்பவனுக்குக் குடிநீரே அரும்பொருள் என்பதை நாம் எண்ணுவதில்லை. கல்லோயா வாய்க்கால் வயலுக்கு நீர் கொணரும் எமது கல்முனைப் பகுதியினருக்கு அவ்வருமை எளிதிற் புலப்படாது. அதனை உணர விரும்புவோர் நெடுந்தீவின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குத் தென்மேற்கே, பாக்குநீரிணையில் உள்ளது இத்தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். காரைதீவு, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றுக்குத் தாம்போதி வழியே தரைமார்க்கமாகச் செல்லலாம். நெடுந்தீவுக்கோ புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகிற் பயணஞ் செய்தல் வேண்டும்.

தீவின் நிலம் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லுமாகும். ஆறு எதுவும் இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று தரும் மழை கல்லின் துளைகளூடே இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரங் குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலெழுந்து கிணற்றைக் கெடுத்துவிடும். பசிபிக் சமுத்திரத்துக் கிரிபட்டியின் பவளத்தீவுகளில் வாழும் மக்களும் இத்தகைய நீரை நம்பியிருக்கின்றனர்.

மண் குறைந்த இந்நிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த கற்களைச் சாந்தின்றி அடுக்கி மக்கள் வேலி அமைத்தனர். அம்மதில்கள் கால்நடையினின்று தோட்டத்தைக் காத்தன. பனை உணவும் கூரையும் அளித்தது. இங்குள்ள பெருக்குமரம் ஆபிரிக்காவுக்குரியது. அராபிய வணிகர் கொணர்ந்து நட்டது என்பது வழிவழி வந்த செய்தி.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இதனைப் பசுக்களின் தீவு என அழைத்தனர். 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர், தம் நாட்டு நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் எனப் பெயரிட்டு, இங்கே குதிரைகளை வளர்த்தனர். ஆங்கிலேயர் ஆட்சியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் படையதிகாரி அத்தொழிலை மேற்பார்த்தார். இத்தீவிலிருந்து எதனைப் பெறலாம் என்பதே ஆண்டோர் யாவரின் நோக்கமாயிருந்தது. அவர்கள் சென்றனர், முருகைக்கற் கோட்டை இடிந்தது. காப்பாரற்ற மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல்கள் மட்டும் தெற்குப் புல்வெளியில் இன்றும் திரிகின்றன. கோடையில் குளங்கள் வற்ற, நீரின்றி அவற்றுட் சில மடிவதும் உண்டு.

மக்களின் துயரமும் சிறிதன்று. 1985 மே 15ஆம் நாள் இத்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகில் பயணஞ் செய்தோர் பலர் கொல்லப்பட்டனர். போரும் வறட்சியும் பல குடும்பங்களைப் பெருநிலத்துக்குப் பெயர்த்தன. எஞ்சியோர் கிணற்றின் அளவறிந்து, கல்மதிலைத் திருத்தி வாழ்கின்றனர்.

கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், தாழ்ந்த தீவுகளின் நன்னீருக்கு வெளியிலிருந்தும் ஆபத்து நெருங்குகின்றது. நெடுந்தீவுக்கு எத்திட்டம் வகுப்பினும், இந்நிலத்தின் நீர் எவ்வளவைத் தாங்கும் என்ற கணக்கே முதலில் எழுதப்படல் வேண்டும். ஆண்டோர் எழுதாத அக்கணக்கை அங்குள்ள குடியானவன் நெடுங்காலமாக அறிவான். அவனைக் கேட்டறிதல் நம் கடமையாகும்.