தாளின் அகலமும் செய்நிரலின் வரியும்

எழுதுகருவியே எழுதப்படுவதன் வடிவை நிர்ணயிக்கின்றது என்பதற்குக் கணனியின் வரலாறு தக்க சான்றாகும். ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் அறிமுகஞ்செய்த துளையட்டையொன்றில் 80 எழுத்துகளே அடங்கின. 1959இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் 1403 அச்சுப்பொறியோ அகன்ற தாளில் வரிக்கு 132 எழுத்துகள்வரை பதித்தது. எனினும் பெருங்கணனி நிலையங்களுக்கே உரித்தான அவ்வசதி தனியாளின் மேசைக்கு எட்டவில்லை.

1980இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 பொறி, 9 ஊசிகள் மைநாடாவில் மோதிப் பதிக்கும் புள்ளிகளால் எழுத்தமைத்தது. அதன் 8 அங்குல வரியில், அங்குலத்துக்கு 10 வீதம், 80 எழுத்துகளே அடங்கின. செய்நிரலின் நீண்ட வரி முறிந்து அடுத்த வரியில் விழுந்தது. உள்தள்ளி எழுதிய ஒழுங்கு குலைந்தது. திரையில் ஏறத்தாழ 25 வரிகளே தெரிந்த அக்காலத்தில், நீண்ட செய்நிரலின் பிழையைத் தாளிலேயே தேடவேண்டியிருந்தமையால் இது பெருங்குறையாயிற்று. இதனை நெருக்கியச்சிடும் முறை ஓரளவு தீர்த்தது. உரிய கட்டளைக் குறியீட்டை முதலில் அனுப்பின், அதே தாளில் 132 எழுத்துகள் அடங்கின. ஆயின் மைநாடா தேய்ந்தவிடத்து 6உம் 8உம் மயங்கின. ஓரிலக்கம் மாறினும் கணக்கு முழுவதும் பிழைக்குமன்றோ!

துளையட்டை வழக்கொழிந்தது; மைநாடா அருகியது. எனினும் பைதன் மொழிக்கென 2001இல் வகுக்கப்பட்ட நடைவழிகாட்டி வரிக்கு 79 எழுத்துகளையே எல்லையாக விதித்தது. கருவி மறைந்த பின்னரும் அதன் அளவு மனிதரின் பழக்கத்தில் நிலைத்துவிடுகின்றது எனலாம்.