கல்நார் நோயும் இழப்பீட்டு உரிமையும்: செங்கற்பட்டு வட்டாரத்தை முன்வைத்து ஒரு சட்ட வரலாற்று ஆய்வு

தீக்கு எளிதில் அழியாத நாரிழைகளாகப் பிரியும் கனிமமே கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ். இதன் நுண்ணிழைகள் மூச்சோடு உட்புகுந்தால், நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலையோ வயிற்றறையையோ சூழ்ந்த மெல்லுறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் ஆகியவை உண்டாகின்றன. இவை வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆவதால், நோய் தெரியவரும்போது வேலையும் முதலாளியும் சான்றுகளும் தொழிலாளியை விட்டு விலகிப்போயிருக்கின்றன. இந்தக் கால இடைவெளியை இந்தியச் சட்டம் எவ்வாறு கையாண்டது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

முதலில் பிற நாடுகளின் அனுபவம். இங்கிலாந்தின் ராச்டேல் கல்நார் ஆலையில் பணியாற்றிய ஒரு பெண்ணின் மரணத்தைக் குறித்து மருத்துவர் குக் 1924 இல் எழுதிய கட்டுரையும், ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்து மெரிவெதர், பிரைஸ் இருவரும் 1930 இல் அளித்த அறிக்கையும் 1931 ஆம் ஆண்டின் தூசிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு வழிவகுத்தன. தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பகுதியில் கண்ட மீசோதீலியோமாவுக்கும் கல்நாருக்கும் உள்ள தொடர்பை வாக்னரும் அவருடைய குழுவினரும் 1960 இல் நிறுவினர். அமெரிக்காவில், ஆபத்தை எச்சரிக்காத உற்பத்தியாளரே பொறுப்பு என்று 1973 இல் போரல் என்பவர் தொடுத்த வழக்கில் தீர்ப்பானது. வழக்குகள் பெருகியதால் கல்நார் உற்பத்தியாளரான ஜான்ஸ்-மேன்வில் நிறுவனம் 1982 இல் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் விளைவாகப் பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டு அறக்கட்டளை தோன்றியது.

ஆபத்து வெளிநாடுகளில் பதிவாகிவந்த காலத்திலேயே இந்தியாவில் இத்தொழில் வேரூன்றியது. மத்தியப் பிரதேசத்தின் கைமோரில் 1934 இல் கல்நார்-சிமெண்டு ஆலை தொடங்கியது. பின்னர் கோவை போத்தனூரிலும், செங்கற்பட்டுடன் ரயில் பாதையால் இணைந்த அரக்கோணத்தில் 1967 இலும் ஆலைகள் எழுந்தன. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிசும், கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் பின்னாளில் இடம்பெற்றன. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதங்கள் குறிப்பிட்ட வேலையைச் செய்தவருக்கு அப்புற்றுநோய் கண்டால், மாறாக நிறுவப்படும்வரை அதைப் பணியிட விபத்தாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. ஆனால் வேலையை விட்ட பின் நோய் தோன்றினால், இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி வெளிப்பட்டவருக்கே அச்சட்டம் தெளிவான வழி காட்டியது. தாமதத்தைத் தக்க காரணத்துக்காக மன்னிக்கும் அதிகாரம் ஆணையருக்கு இருந்தபோதிலும், நோயின் காலக்கணக்குக்கும் சட்டத்தின் காலக்கணக்குக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது.

இப்பள்ளத்தை நேரே எதிர்கொண்டது, நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் 1986 இல் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அறிவித்த நீதிமன்றம், ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க ஆணையிட்டது. குஜராத் ஆலைத் தொழிலாளர்களை அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் மறுபரிசோதனை செய்து, நோய் உறுதியானவருக்குத் தலா 1 லட்சம் ரூபாய் வழங்கவும் பணித்தது. எனினும் முழுத் தடை கோரிய கல்யாணேஸ்வரி வழக்கு 2011 இல் தள்ளுபடியானது. பல நாடுகள் தடைசெய்த, கல்நாரின் ஒரு வகையான வெண்கல்நார் இந்தியாவுக்கு இறக்குமதியாகி வருகிறது. 1923 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2020 இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்நோய்ப் பட்டியல் தொடர்கிறது.

1995 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயன் ஆலைக்கு வெளியே எட்டவில்லை என்பதைச் செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றம் வட்டாரக் கூரைவேலை காட்டும். சவுக்குக் கழிகளின் மேல் கல்நார் ஷீட்டை ஏற்றி, நீளத்துக்கேற்ப அறுத்து, ஜே போல்ட்டுக்குத் துளையிடும்போது பறக்கும் வெண்தூசியை, பெரும்பாலும் முகமூடியின்றி, கொத்தனாரும் சித்தாளுமே சுவாசிக்கின்றனர். நாள்கூலிக்கு வீடுவீடாக மாறிச் செல்வோருக்கு ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் என்ற நிபந்தனையே பொருந்துவதில்லை. மூச்சிரைப்போடு தாம்பரம் சானடோரியம் போன்ற நெஞ்சக மருத்துவமனைகளை நாடும்போது, அறிகுறிகள் ஒத்திருப்பதால் தூசி நோய் காசநோயாகக் கருதப்படவும் இடமுண்டு.

ஆலைத் தொழிலாளிக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டில் சேர்ந்தவர் அக்கழகத்திடமும், சேராதவர் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடமும் கோரலாம். மருத்துவர் கண்டறிந்த ஆஸ்பெஸ்டோசிசைத் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கு அறிவிப்பதும் சட்டக் கடமை. கட்டுமானத் தொழிலாளிக்கோ அந்த வழி பெயரளவில்தான் உள்ளது. தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இயங்குவதால், அதன் பதிவேட்டில் கல்நார் வேலையைத் தனியே குறிப்பதும், நெஞ்சக நோயாளியின் தொழில் வரலாற்றை மருத்துவமனைச் சீட்டில் எழுதுவதும் புதுச் சட்டமின்றியே செய்யத்தக்கவை. அப்பதிவுகள் உருவாகாதவரை, 1995 ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஆலை வாயிலுக்கு உள்ளே மட்டுமே செல்லுபடியாகும் உரிமையாக நிற்கும்.